பீலி சூடிய இரும்பு: ஜெர்மானியக் கவச ஊர்திகளும் அவற்றைப் பேணும் நெறியும்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஒளவையார். தன் வலிமையைக் காட்ட விழைந்த தொண்டைமான், படைக்கலங்கள் வைத்திருந்த கொட்டிலுக்குப் புலவரை அழைத்துச் சென்றான். அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிகுந்த மனையில் ஒளிவிட்டு நின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. புகழ்வது போலப் பழித்தும், பழிப்பது போலப் புகழ்ந்தும் புலவர் உணர்த்திய அவ்வேறுபாடு புறநானூற்றின் 95ஆம் பாட்டாக நமக்குக் கிடைத்துள்ளது.

ஒரு படைக்கலத்தைப் பேணுதல் என்றால் என்ன? அதற்குப் பீலி சூட்டுவதா, அதன் முறிவை முறிவாகவே காட்டுவதா? இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இவ்வினா, இருபதாம் நூற்றாண்டில் இரும்பும் எண்ணெயுமாய் எழுந்த ஒரு படைக்கலத்தைப் பற்றியும் கேட்கத்தக்கது. ஜெர்மானியர் இரு உலகப் போர்களிலும் செய்து குவித்த கவச ஊர்திகளே அவை. அவற்றின் வரலாற்றையும், எஞ்சியவை இன்று எங்கே, எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதையும் இக்கட்டுரை நோக்குகிறது.

கயத்தாற்று நிலத்திலிருந்து

கரிசல் மண்ணில் அமர்ந்து ஜெர்மானிய டாங்கியைப் பற்றி எழுதுவது எற்றுக்கு என்று கேட்போர் உளர். விடை இம்மண்ணிலேயே கிடக்கிறது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். பாஞ்சாலங்குறிச்சியை அவன் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பினான். 1801 மே 24இல் கர்னல் அக்னியூவின் படை அதனை வென்றது. வென்றதோடு நில்லாமல் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தை ஏர் கொண்டு உழுது ஆமணக்கு விதைத்தனர் என்றும், ஊர்ப் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கினர் என்றும் வரலாறு கூறும். பகைவர் அரணைக் கழுதை பூட்டி உழுத சங்க காலச் செயல் மாறாமல் மறுபடி நிகழ்ந்தது எனலாம். அதே ஆண்டு டிசம்பர் 1இல் வெளியான அறிவிக்கை தென்பாண்டிச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. வேலும் வளரியும் துப்பாக்கியும் பறிக்கப்பட்டன.

அப்போரில் மடிந்த ஆங்கிலேயரின் கல்லறைகள் பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகில் இன்றும் உள்ளன. ஆக, வென்றவன் தன் இறந்தோரைக் கல்லில் காத்தான். தோற்றவனின் கோட்டையை மண்ணோடு மண்ணாக்கினான். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுந்த நினைவுக் கோட்டையும், நடிகர் சிவாஜி கணேசன் முயற்சியால் கயத்தாற்றில் நின்ற சிலையும், பின்னர் அரசு எழுப்பிய மணிமண்டபமும் அந்த அழிவுக்கு நெடுங்காலம் கழித்து வந்த மறுமொழிகள். இடைப்பட்ட காலத்தில் அந்நினைவைக் காத்தது எது? பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் பின்னாளில் தேடிப் பதிப்பித்த கதைப்பாடல்களே. கோட்டை இல்லாத இடத்தில் பாட்டு கோட்டையாக நின்றது.

ஒரு போர்ப்பொருளை அழிப்பதும் காப்பதும் வெறும் பழம்பொருட் செயலன்று, நினைவின் மீது செலுத்தும் ஆட்சி என்பதைக் கயத்தாற்றினருக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வறிவோடுதான் ஜெர்மானிய இரும்பை அணுக வேண்டும்.

மெபிஸ்டோ என்னும் முதல் வண்டி

டாங்கியைப் போர்க்களத்துக்கு முதலில் கொணர்ந்தவர் ஆங்கிலேயர். 1916 செப்டம்பர் 15இல் பிரான்சின் சோம் போர்முனையில் அவை தோன்றின. முள்வேலியை மிதித்துப் பதுங்குகுழியைத் தாண்டி வந்த அந்த இரும்பு விலங்கைக் கண்டு திகைத்த ஜெர்மானியர் தாமும் ஒன்று செய்ய முனைந்தனர். அதனை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற போர்த்துறைப் பிரிவின் பெயர்ச் சுருக்கமே வண்டியின் பெயராகி, 'ஏ 7 வி' என வழங்கிற்று. எடை சுமார் 30 டன். தலா 100 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டெய்ம்லர் எஞ்சின்கள். முன்புறம் 57 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று. சுற்றிலும் இயந்திரத் துப்பாக்கிகள். பதினெட்டுப் பேர் உள்ளே நெருங்கி நிற்க வேண்டும். எஞ்சினின் வெப்பமும் புகையும் அவர்களோடு அதே அறையில் இருந்தன. பெரிய உடலும் தாழ்ந்த வயிறும் கொண்ட அவ்வண்டி குண்டு வீழ்ந்த குழிகளில் எளிதில் சிக்கிற்று. போர் முடியும்வரை களத்துக்கு வந்தவை 20 மட்டுமே. ஜெர்மானியர் தாம் செய்தவற்றைவிட ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய டாங்கிகளையே மிகுதியாகப் பயன்படுத்தினர் என்பது வியப்புக்குரிய உண்மை.

1918 ஏப்ரல் 24இல் வில்லர்ஸ்-பிரெத்தொன்னு என்னும் பிரெஞ்சு ஊருக்கு அருகே டாங்கியும் டாங்கியும் முதன்முதலாக எதிர்நின்று பொருதன. அதே நாளில் ஒரு ஜெர்மானிய வண்டி குழியில் சிக்கிக் கைவிடப்பட்டது. அதன் பெயர் 'மெபிஸ்டோ'. கெதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தைக் கற்றோர் இப்பெயரை அறிவர்; அறிஞன் ஒருவனின் ஆன்மாவை விலைக்கு வாங்கும் சாத்தான் அவன். வண்டியின் முகப்பில், ஆங்கில டாங்கி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் சிவந்த பேயுருவம் தீட்டப்பட்டிருந்தது. தம் நாட்டுப் பெருங்கவிஞனின் பாத்திரத்தைப் போர்வண்டியின் மீது எழுதிய படைவீரரின் மனநிலை கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. அறிவை விற்று ஆற்றலை வாங்கும் பேரத்தின் பெயரைத் தாமே தம் வண்டிக்குச் சூட்டிக்கொண்டனர்.

1918 ஜூலையில் ஆஸ்திரேலியப் படையினர் அவ்வண்டியை மீட்டு இழுத்து வந்தனர். மறு ஆண்டு அது பிரிஸ்பேன் நகரை அடைந்தது. பல்லாண்டுகள் வெளியில் நின்ற அது, பின் குவீன்ஸ்லாந்து அருங்காட்சியகத்துக்குள் இடம் பெற்றது. 2011 ஜனவரியில் பிரிஸ்பேனைச் சூழ்ந்த வெள்ளம் அதனையும் தீண்டிற்று. பின் வல்லுநர் கையால் செப்பம் பெற்றது. அன்று செய்யப்பட்ட இருபதில் இன்று உலகில் எஞ்சியது இந்த ஒன்றே. மற்றவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. செய்தவன் நாட்டில் ஒன்றுகூட எஞ்சவில்லை. எஞ்சிய ஒன்றைக் காத்தவன் பகைவன்.

உழவு வண்டி என்னும் பொய்ப்பெயர்

1919இல் ஒப்பமான வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனி டாங்கி செய்வதைத் தடை செய்தது. தடை, மறைவுக்கு வழிவகுத்தது. சோவியத் நாட்டின் கசான் நகருக்கு அருகில் 'காமா' என்னும் பயிற்சிப் பள்ளியில் 1929 முதல் 1933 வரை ஜெர்மானிய அதிகாரிகள் கமுக்கமாக டாங்கிப் பயிற்சி பெற்றனர். பின்னர் எந்த நாட்டின் மீது டாங்கிகளை ஓட்டினார்களோ, அந்த நாட்டிலேயே ஓட்டக் கற்றனர்.

இட்லர் ஆட்சிக்கு வந்தபின் செய்யப்பட்ட முதல் டாங்கிக்கு ஏடுகளில் இட்ட பெயர் 'உழவு இழுவை வண்டி' என்பதாகும். பின்னர் 'பான்சர் 1' என அறியப்பட்டது அதுவே. 5 டன்னைச் சற்றே கடந்த எடை, இரண்டு இயந்திரத் துப்பாக்கி, இருவர் குழு. ஏர் என்று எழுதிவிட்டு வாளை வடித்தனர். சொல்லைக் கையாள்வோர்க்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உழவு என்னும் தூய சொல்லும் பொய்க்குப் போர்வையாகப் பயன்படும்.

1940 மே 10இல் ஜெர்மானியர் மேற்கே பாய்ந்தபோது எதிரணியிடம் அவர்களைவிட மிகுதியான டாங்கிகள் இருந்தன. அவற்றுட் பல தடித்த கவசமும் உடையவை. ஆயினும் சில வாரங்களில் பிரான்சு வீழ்ந்தது. டாங்கிகளைக் காலாட்படைக்குத் துணையாகச் சிதறவிடாமல் ஒரே முனையில் குவித்ததும், வண்டிக்கு வண்டி வானொலியால் பேசிக்கொண்டதும், மேலிருந்து வானூர்திகள் துணைநின்றதுமே காரணங்கள். தளபதி குடேரியன் 1937இல் வெளியிட்ட நூலில் இம்முறையை முன்னரே வலியுறுத்தியிருந்தார். இரும்பின் தடிப்பைவிட அதனை இயக்கிய எண்ணமே வென்றது.

விலங்குகளின் அணிவகுப்பு

அப்போரின் பிற்பகுதியில் ஜெர்மானியர் தம் ஊர்திகளுக்கு இட்ட பெயர்களைத் தொகுத்தால் ஒரு காடே கண்முன் விரியும். 'டைகர்' என்பது புலி. 'பாந்தர்' என்பது சிறுத்தை. யானை, குளவி, சில்வண்டு, காட்டுப்பூனை ஆகியவற்றின் பெயர்களும் உண்டு. 188 டன் எடையுள்ள பெருவண்டிக்கு 'எலி' என்று பெயர். அதில் இரண்டே முன்மாதிரிகள் செய்யப்பட்டன. ஒன்றன் உடலையும் மற்றதன் மேற்கூண்டையும் பொருத்திய ஒற்றை வண்டி மாஸ்கோவை அடுத்த கூபிங்காவில் இருக்கிறது.

இவற்றுள் புலியே புகழ் மிக்கது. 57 டன் எடை, முகப்பில் 100 மில்லிமீட்டர் கவசம், 88 மில்லிமீட்டர் பீரங்கி, மேபாக் நிறுவனம் வடிவமைத்த 700 குதிரைத்திறன் எஞ்சின். எதிரியின் உள்ளத்தில் அச்சத்தை விதைத்ததில் அதற்கு இணையில்லை. ஆனால் அது பழுதடைந்து நின்ற நாட்களும் மிகுதி. ஒன்றன்மேல் ஒன்று படியும் அதன் சக்கரங்களுக்கிடையே சேறு உறைந்தால் வண்டி நகராது. உட்சக்கரம் ஒன்றைக் கழற்ற வேண்டுமாயின் வெளிச்சக்கரங்கள் பலவற்றை முதலில் கழற்ற வேண்டும். செய்யப்பட்ட புலிகள் மொத்தம் 1,347. பாந்தர் ஏறத்தாழ 6,000. போர் முழுதும் இடையறாது செய்யப்பட்ட 'பான்சர் 4' சுமார் 8,500. அமெரிக்கர் செய்த ஷெர்மன் டாங்கி மட்டுமே ஏறத்தாழ 49,000 என்பதை ஒப்பிட்டால் போரின் முடிவு விளங்கும். எளிதில் செய்யவும் எளிதில் செப்பனிடவும் இயன்ற வண்டிகளின் பெருக்கத்தின் முன், அரிதின் முயன்று செய்த பெருவண்டி தோற்றது.

இப்புள்ளிகளைப் பட்டியலிடுவோர் பலரும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. அத்தொழிற்சாலைகளில் இரும்பு வார்த்தோரும் திருகு முடுக்கியோரும் எல்லாரும் விரும்பி வந்த தொழிலாளர் அல்லர். கைப்பற்றிய நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டோர் பல்லாயிரவர் அங்கே உழைத்தனர். 'பான்சர் 4' பெருமளவில் உருவான ஆஸ்திரியாவின் சங்க்ட் வாலண்டின் ஆலையில், மவுட்ஹவுசன் வதைமுகாமின் கிளை முகாமிலிருந்து கைதிகள் வேலைக்கு நிறுத்தப்பட்டனர். புலியின் கவசத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து வியப்பவர், அதற்கு உழைத்தவரின் பசியை எந்த அளவுகோலால் அளப்பர்? ஒரு படைக்கலத்தைக் காக்கும்போது இதனையும் சேர்த்தே காக்க வேண்டும்.

எதிர்நின்ற நம்மவர்

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. குதிரைகளை விட்டு மோட்டார் வண்டிக்கு மாறிச் சிறிது காலமே ஆன இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகள், 1941 ஏப்ரலில் லிபியாவின் மெச்சிலி என்னுமிடத்தில் ரோமெலின் படையால் சூழப்பட்டன. டாங்கி இல்லாமல் டாங்கிப் படையை எதிர்கொண்டன. நான்காம் இந்திய டிவிஷன் வட ஆப்பிரிக்கப் பாலையில் நெடுகப் பொருதது. 1943 மே 12இல் துனிசியாவில் ஜெர்மானியத் தளபதி ஆர்னிம் சரணடைந்ததும் அந்த டிவிஷனின் முனையிலேயே.

கண்ணிவெடி அகற்றுதல், பாதை அமைத்தல், பாலம் கட்டுதல் ஆகிய பணிகளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் ஈடுபட்டனர். முள்வேலியையும் கண்ணிவெடிப் பரப்பையும் தகர்க்க உலகப் படைகள் கையாண்ட 'பெங்களூர் டார்பிடோ' என்னும் நீண்ட வெடிகுழாய், 1912இல் பெங்களூரில் இப்படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவரால் உருவாக்கப்பட்டது.

அப்படையின் சுபேதார் சுப்பிரமணியம் காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24இல் இத்தாலியின் மிக்னானோவுக்கு அருகில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். உடனிருந்தவர் ஒருவர் காலடியில் வெடி ஒன்று இயங்கிவிட்டது. அது வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியம் அதன்மேல் பாய்ந்து வீழ்ந்து தம் உடலால் அதனை மூடினார். அவர் மாண்டார், உடனிருந்தோர் உயிர் பிழைத்தனர். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

புலியின் பெயரைச் சொல்லும் நம் மாணவர் பலர் சுப்பிரமணியத்தின் பெயரைக் கேட்டதில்லை. 100 மில்லிமீட்டர் எஃகுக் கவசத்தைப் பற்றி நூல்கள் நிரம்ப உள்ளன. பிறர் உயிருக்குக் கவசமாக விரிந்த ஒரு தமிழரின் உடலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை எத்தனை? நடுகல் நட்ட மரபினர் நாம். கல்லில் பெயரும் பீடும் எழுதினோம். அவ்வீரன் ஏந்திய வேலைத் தனியே எடுத்து வழிபடவில்லை, வேலோடு நின்ற வீரனையே வழிபட்டோம். படைக்கலத்தைப் பேணும் நெறி அம்மரபிலேயே அடங்கியுள்ளது.

பேணுதலின் பல வழிகள்

போர் முடிந்ததும் ஜெர்மானிய ஊர்திகளிற் பெரும்பாலானவை உலைக்களம் புகுந்தன. சில, பிற நாட்டுப் படைகளில் பணியாற்றின. சிரியா வைத்திருந்த 'பான்சர் 4' வண்டிகள் 1967ஆம் ஆண்டுப் போரிலும் இருந்தன; அவற்றுட் சில இன்று இஸ்ரேலின் லாத்ரூன் அருங்காட்சியகத்தில் உள்ளன. சோவியத்து கூபிங்காவிலும், பிரெஞ்சியர் சோமூர் நகரிலும் தொகுத்து வைத்தனர்.

இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தின் தோற்றம் இலக்கிய அன்பர்க்குச் சுவை தரும். முதல் உலகப் போரின் பழைய டாங்கிகள் அங்கே துருப்பிடித்துக் கிடந்தன. 1923இல் அங்கு வந்த எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங், அவற்றைக் காக்க அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். அவருடைய பேரரசுப் பற்றை நாம் ஏற்க இயலாது. எனினும், துருவேறும் இரும்பில் வரலாற்றைக் கண்ட கண் எழுத்தாளனுடைய கண் என்பதை மறுக்கவும் இயலாது.

அங்குள்ள '131' எண்ணிட்ட புலி 1943 ஏப்ரலில் துனிசியாவில் கைப்பற்றப்பட்டது. ஆங்கிலேய டாங்கி எய்த குண்டு ஒன்று அதன் பீரங்கிக்குக் கீழே பட்டு, மேற்கூண்டு சுழலும் வளையத்தில் சிக்கிக் கூண்டை அசையாமற் செய்தது. குழுவினர் இறங்கி ஓடினர். லண்டனில் மக்கள் காண வைக்கப்பட்டு, ஆராயப்பட்டு, பின் போவிங்டனை அடைந்தது. 1990இல் தொடங்கிய செப்பனிடும் பணி பல்லாண்டு நீடித்து, 2003இல் அது மீண்டும் ஓடிற்று. எஞ்சியுள்ள புலிகள் பத்துக்கும் குறைவு. அவற்றுள் தானாக ஓடக்கூடியது இது ஒன்றே. 2014இல் வெளியான 'ஃப்யூரி' திரைப்படத்திலும் அது தோன்றியது. குண்டு பட்ட வடு இன்னும் அதன் உடலில் உண்டு. வண்ணம் பூசியவர்கள் வடுவை அடைக்கவில்லை. அதனாலேயே அது மெய்யாகிறது.

பழைய இரும்பைக் காப்பது எளிதன்று. உடலுக்குள் புகும் மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கினால் அடித்தகடு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்க உள்ளே வண்டி மடியும். சங்கிலிப் பட்டை நேராக மண்ணில் அழுந்தினால் ஈரம் ஏறும். கடற்காற்றின் உப்பு துருவை விரைவுபடுத்தும். தூத்துக்குடிக் கரையில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதுவண்ணம் அடிப்பதால் பழைய வண்ணமும், அதில் எழுதிய எண்ணும், படைப்பிரிவின் குறியும் மறைந்துபோகும். ஆதலால் அறிந்தோர் முதலில் வண்ணத்தைப் படலம் படலமாக ஆராய்ந்து படமெடுத்துக் குறித்த பின்னரே கைவைப்பர்.

ஓட்டுவதா, ஓட்டாமல் நிறுத்துவதா என்பதும் பெரும் வழக்கு. ஓட்டினால் எஞ்சினின் ஓசையும் நிலத்தின் அதிர்வும் காண்போர்க்கு உண்மையை உணர்த்தும். ஆனால் ஒவ்வோர் ஓட்டத்திலும் பழம்பகுதி தேயும். தேய்ந்ததை மாற்றி மாற்றி வந்தால் ஒருநாள் பெயர் மட்டுமே பழையதாக எஞ்சும். பழம்பாட்டின் சிதைந்த சொல்லைத் தம் சொல்லால் நிரப்பும் பதிப்பாசிரியரின் இடரும் இதுவே. டாக்டர் உ.வே. சாமிநாதையர் சிதைந்த இடங்களில் புள்ளியிட்டுக் காட்டினார்; தம் கற்பனையை அங்கே இட்டு நிரப்பவில்லை. இரும்பைக் காப்போர்க்கும் அந்நேர்மை வேண்டும்.

ஜெர்மனியின் நிலை இன்னும் இக்கட்டானது. தம் நாட்டின் குற்றத்துக்குத் துணைநின்ற கருவியை எவ்வாறு காட்டுவது? மறைத்தால் வரலாறு மறையும். ஒப்பனை செய்தால் குற்றம் புனிதமாகும். 1983இல் வடஜெர்மனியின் முன்ஸ்டர் என்னும் சிற்றூரில் திறக்கப்பட்ட ஜெர்மானிய டாங்கி அருங்காட்சியகம் இவ்வினாவோடு வாழ்கிறது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கல்விக்கும் ஆய்வுக்கும் மட்டும் விலக்குண்டு. ஆகவே அங்கே காட்சி, விளக்கத்தோடு சேர்ந்தே நிற்க வேண்டியதாகிறது.

விளக்கமற்ற பேணுதல் எங்கே கொண்டுவிடும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. 2015இல் கீல் நகரை அடுத்த ஹைக்கன்டார்ஃபில் ஒருவர் வீட்டு நிலவறையிலிருந்து பாந்தர் டாங்கி ஒன்று மீட்கப்பட்டது. படையினர் வந்து பல மணி நேரம் உழைத்தே அதனை வெளிக்கொணர முடிந்தது. 2021இல் நீதிமன்றம் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் 2,50,000 யூரோ செலுத்தும் கட்டளையும் விதித்தது. நிலவறையில் ஒருவர் தமக்கென்றே காத்த அது, தொண்டைமானின் கொட்டிலில் பீலி சூடி நின்ற வேலுக்குத் தூரத்து உறவு எனலாம்.

ஆவடியில் ஒரு ஜெர்மானிய இதயம்

1965ஆம் ஆண்டு ஜெர்மனியில் போருக்குப் பிந்தைய முதல் சொந்த டாங்கியான 'லெப்பர்ட் 1' படையில் சேர்ந்தது. அதே ஆண்டில் சென்னையை அடுத்த ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' முதன்முதலாக வெளிவந்தது. அதன் வடிவம் ஆங்கிலேய விக்கர்ஸ் நிறுவனத்துடையது. செய்த கைகள் இந்நாட்டுடையவை. 1974இல் இந்தியாவுக்கெனத் தனி டாங்கி ஒன்றை உருவாக்கும் திட்டம் ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் விளைவே 'அர்ஜுன்'.

அர்ஜுனின் எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவனத்துடையது, 1,400 குதிரைத்திறன். பல்லிணைப் பெட்டி ரெங்க் என்னும் ஜெர்மானிய நிறுவனத்துடையது. லெப்பர்ட் 1 டாங்கியில் ஓடிய பத்துருளை எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்ததே அர்ஜுனின் எஞ்சினும். இன்னும் பின்னோக்கினால் வியப்பு மிகும். ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரத்து எம்.டி.யு., மேபாக் நிறுவனமும் டெய்ம்லர்-பென்சின் பெரு எஞ்சின் பிரிவும் 1960களில் இணைந்த வழியில் வந்தது. மெபிஸ்டோவை நகர்த்தியது டெய்ம்லர். புலியை நகர்த்தியது மேபாக். அவ்விரு மரபும் கலந்த குருதியே ஆவடியின் வண்டியில் ஓடுகிறது.

அர்ஜுன் 2004 முதல் படையில் இடம் பெற்றது. இரு தவணைகளில் 248 வண்டிகளுக்கு ஆணை கிடைத்தது. மேம்படுத்தப்பட்ட வடிவம் 2021 பிப்ரவரி 14இல் சென்னையில் படைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டே 118 வண்டிகளுக்கு ஆணை வந்தது. உள்நாட்டிலேயே உருவாக்கிய 1,500 குதிரைத்திறன் எஞ்சினின் முதல் சோதனை 2024 மார்ச்சில் மைசூரில் நடந்தது. இரவல் இதயத்தை விட்டுத் தன் இதயம் பெற ஐம்பது ஆண்டு உழைப்பு வேண்டியிருந்தது.

இந்த ஐம்பது ஆண்டுகளை யார் எழுதி வைப்பது? ஓய்வு பெற்ற விஜயந்தா டாங்கிகள் நாட்டின் பல ஊர்களில் நாற்சந்திகளிலும் பூங்காக்களிலும் மேடையேறி நிற்கின்றன. விழா நாளில் வண்ணமும் மாலையும் கிடைக்கின்றன. அதன் எண் என்ன, எந்தக் களத்தைக் கண்டது, எவர் ஓட்டினார், ஆவடியில் எவர் கைகள் அதனைப் பூட்டின என்னும் குறிப்பு பெரும்பாலும் இராது. சிறுவர் ஏறி விளையாடுவர். உள்ளே மழைநீர் தேங்கும்.

மராட்டியத்தின் அகமத்நகரில், இன்று அகில்யாநகர் எனப் பெயர் பெற்ற ஊரில், 1994இல் நிறுவப்பட்ட குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் இத்துறையில் நம் நாட்டின் பெருமுயற்சி. ஆங்கில, அமெரிக்க, ஜப்பானிய ஊர்திகளோடு ஜெர்மானியக் கவச வேவு வண்டி ஒன்றும் அங்கே நிற்கிறது. 1965இல் கேம்கரன் பகுதியில் கைப்பற்றிய வகையான பேட்டன் டாங்கியும் உண்டு. பகைவரின் இரும்பையும் அழிக்காமல் நிறுத்தியிருப்பது, பாஞ்சாலங்குறிச்சியை உழுத நெறிக்கு எதிரான நெறி. அவ்வகையில் அது போற்றத்தக்கது. டாங்கிகள் பிறக்கும் தமிழ்நாட்டிலும், அவற்றின் கதையை அவற்றைச் செய்த தொழிலாளரின் கதையோடு சேர்த்துச் சொல்லும் ஒரு கூடம் மக்களுக்கெனத் திறந்திருத்தல் வேண்டும். முதல் விஜயந்தாவைப் பூட்டிய தலைமுறை மறைந்து வருகிறது. அவர்கள் நினைவு எழுதப்படாவிட்டால், எஞ்சுவது துருப்பிடிக்கும் தகடு மட்டுமே.

நிறைவாக

இதுவரை கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. ஜெர்மானியக் கவச ஊர்திகளைப் பெரும்பாலும் காத்தவர்கள் அவற்றால் தாக்கப்பட்டவர்களே. அவற்றின் வலிமையைவிட அவற்றின் வடுவே இன்று பயன் தருகிறது. இரும்பைச் செய்தவர், அதனுள் வெந்தவர், அதன்முன் வீழ்ந்தவர் ஆகிய மூவரின் கதையும் சேராத காட்சி முழுமையான காட்சியாகாது.

கவிஞர்களுக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. ஒளவையார் தொண்டைமானின் கொட்டிலில் வேல்களைக் கண்டார். அவற்றின் பளபளப்பில் மயங்காமல், அங்கே இல்லாத வேல்களைப் பற்றிப் பேசினார். கொல்லன் பட்டறையில் முறிந்து கிடந்தவற்றை அவையில் நிறுத்தியது அவர் சொல். தூத்துக்குடிச் சீமையின் கதைப்பாடகர்கள் இல்லாத கோட்டையைப் பாடி நிறுத்தினார்கள். கீழொட்டிவாக்கத்துச் சுபேதாருக்கும், சங்க்ட் வாலண்டின் ஆலையின் பெயரறியாக் கைதிக்கும், ஆவடியின் தொழிலாளிக்கும் அத்தகைய பாட்டு இன்னும் பாக்கி இருக்கிறது. பத்தாண்டு நிறைவு காணும் இம்மன்றத்தின் கவிஞர்கள் அடுத்த பத்தாண்டில் அக்கடனைத் தீர்ப்பார்களாக.